சளியில் கிருமி இல்லை, முதுகெலும்பில் காசநோயா?

பதிவு 1 | தேடும்விழி

என் பெரியம்மாவுக்கு 58 வயது. நான்கு மாதங்களாக நடுமுதுகில் வலி இருந்து வந்தது. எலும்புத் தேய்மானம் என்று கூறி வலி மாத்திரையும் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். மாலை நேரத்தில் அவருக்கு உடம்பு லேசாகச் சுட்டதையும், ஆறு கிலோ எடை குறைந்ததையும் நாங்கள் வெவ்வேறு செய்திகளாக எண்ணிக்கொண்டதால், முதுகுவலியோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லவே இல்லை. சென்ற வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகள் அரிக்கப்பட்டிருப்பதும் பக்கத்தில் சீழ் கோத்திருப்பதும் தெரிந்தன. இது பெரும்பாலும் காசநோயாக இருக்கும் என்கிறார் மருத்துவர்.

எங்களுக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அவருக்கு ஒரு நாளும் இருமல் வந்ததில்லை. மார்பு எக்ஸ்ரேயில் குறை ஒன்றுமில்லை. சிரமப்பட்டு வரவழைத்த சளியை இருமுறை பரிசோதித்தும் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது. நுரையீரலில் இல்லாத நோய் முதுகெலும்புக்கு எந்த வழியாகப் போயிற்று? மூன்று பரிசோதனைகள் இல்லை என்று சொல்லும்போது மருத்துவர் எதை நம்பி ஐயப்படுகிறார்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 | மூச்சுக்குழல்

நான் மார்புநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். காசநோயை நுரையீரல் நோய் என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். அது நுரையீரல் வழியாக உடலுக்குள் நுழையும் நோய் என்று சொல்வதே சரி. நுழைந்த வாசலிலேயே அது தங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகள் காற்றில் உலர்ந்து, 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்துகள்களாகச் சுருங்கி, காற்றோட்டம் இல்லாத அறையில் பல மணி நேரம் மிதக்கின்றன. பெரிய துளிகள் மூக்கிலும் மூச்சுக்குழாய்ச் சளியிலும் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். இந்தச் சிறிய துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்று நுண்ணறை வரை போகின்றன. அங்கே காவலுக்கு நிற்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணு, வந்த கிருமியை விழுங்குகிறது. வேறு கிருமியாக இருந்தால், விழுங்கிய பையோடு செரிமான நொதிகள் கொண்ட பை வந்து இணைந்து அதைக் கரைத்துவிடும். காசக்கிருமி அந்த இணைப்பைத் தடுத்துவிட்டு, தன்னைக் கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. அது ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் ஆகும். கிருமிகளிடையே இது மிக மந்தமான நடை. இந்த மந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனைகளைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

கிருமியைச் சுமந்த அணுக்கள் நிணநீர் வழியாக நுரையீரலின் வேர்ப்பகுதியில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கின்றன. அங்கிருந்து சில கிருமிகள் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. கிருமியை இன்னதென்று அடையாளம் கண்டு எதிர்க்கும் ஆற்றல் உடலுக்கு உருவாக 2 முதல் 8 வாரங்கள் ஆகும். அதற்கு முந்திய இந்த இடைவெளியில்தான், பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல், கிருமி உடல் முழுவதும் விதைக்கப்படுகிறது. நுரையீரலின் மேல்நுனி, சிறுநீரகத்தின் புறணி, நீண்ட எலும்புகளின் முனை, முள்ளெலும்பு, மூளையின் மேற்பரப்பு ஆகியவை அது விரும்பித் தங்கும் இடங்கள். இரத்த ஓட்டமும் உயிர்வளியும் மிகுந்த இடங்கள் என்பதே இவற்றின் பொதுத்தன்மை. எதிர்ப்பாற்றல் வந்ததும், ஒவ்வோர் இடத்திலும் தற்காப்பு அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து கிரானுலோமா என்னும் சிறு முடிச்சாகக் கட்டிவிடுகின்றன. கிருமி உள்ளே சாகலாம். சாகாமல் பல ஆண்டுகள் அடங்கியும் கிடக்கலாம்.

ஆகவே தங்கள் பெரியம்மாவின் நுரையீரலில் இருந்த முதல் புண் எப்போதோ ஆறியிருக்கும். முதுகெலும்பில் கட்டப்பட்ட முடிச்சு மட்டும் இப்போது அவிழ்ந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதற்கும் காரணம் உண்டு: முதுகில் ஒரே தமனி கிளை பிரிந்து, மேல் எலும்பின் கீழ்ப்பாதிக்கும் கீழ் எலும்பின் மேல்பாதிக்கும் இரத்தம் தருகிறது. இரத்தத்தில் வந்த கிருமி இரண்டிலும் ஒருசேர இறங்குகிறது. இடையிலுள்ள வட்டு பெரும்பாலும் பிறகுதான் கெடும்; சாதாரணச் சீழ்க்கிருமியாக இருந்தால் வட்டு முதலிலேயே கரைந்திருக்கும். படத்தைப் பார்த்த மருத்துவரின் ஐயத்துக்கு இந்த அமைப்பும் மாலைக் காய்ச்சலும் எடை இழப்புமே போதுமானவை. இந்த நோயால் வரும் கூனையும் கால் செயலிழப்பையும் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779-இலேயே விவரித்தார். காசக்கிருமியைத் தாம் கண்டறிந்ததை ராபர்ட் கோக் அறிவித்ததோ அதற்கு நூறாண்டுகளுக்குப் பின், 1882 மார்ச் 24 அன்று.

கால்களில் மரத்துப்போதலோ தளர்ச்சியோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றமோ தெரிந்தால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதிவு 3 | ஐயவினா

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு தடை. தொற்றுக்குள்ளான எல்லோருடைய உடலிலும் கிருமி இப்படி விதைக்கப்படுகிறது என்றால், உலக மக்களில் ஏறத்தாழ கால் பங்கினர் தொற்றுக்குள்ளானவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடும்போது, அவர்கள் எல்லோருக்கும் அல்லவா நோய் வந்திருக்க வேண்டும்? அவிழாத முடிச்சு ஒருவருக்கு மட்டும் ஏன் அவிழ்கிறது?

பதிவு 4 | மூச்சுக்குழல்

தொற்று வேறு, நோய் வேறு. தொற்றுக்குள்ளானவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வருகிறது. அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடும். எச்.ஐ.வி. தொற்று, கட்டுப்பாடற்ற நீரிழிவு, ஊட்டக்குறைவு, புகைப்பழக்கம், சிலிக்கா தூசு படிந்த நுரையீரல், நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவை முடிச்சைத் தளர்த்துகின்றன. இதற்கு மறுக்க முடியாத சான்று மூட்டுவாதத்துக்குத் தரப்படும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளிலிருந்து கிடைத்தது. கிரானுலோமாவைக் கட்டிக்காப்பதில் பெரும்பங்கு வகிப்பது அந்த டி.என்.எஃப். என்னும் புரதமே. அதை மருந்தால் அடக்கியபோது, ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்த காசநோய் சிலருக்குச் சில மாதங்களில் வெளிப்பட்டது. அதுவும் நுரையீரலுக்கு வெளியே வழக்கத்தைவிட அதிகமாக வெளிப்பட்டது. அதனால்தான் இன்று அம்மருந்தைத் தொடங்கும் முன் காசத்தொற்று உள்ளதா என்று பார்க்கிறார்கள்.

பலருக்கு இப்படிப்பட்ட காரணம் எதுவும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கள் பெரியம்மாவுக்குச் சர்க்கரை அளவையும் எச்.ஐ.வி.யையும் பரிசோதித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது யார்மீதும் ஐயப்பட்டுச் செய்வதன்று, காசநோய் என்றாலே எல்லோருக்கும் செய்ய வேண்டியது.

பதிவு 5 | ஆய்வகமேசை

இரண்டாவது கேள்விக்கு நான் விடை தருகிறேன். பல ஆண்டுகளாகச் சளிக் கண்ணாடிகளைப் பார்த்து வருபவன் நான்.

பரிசோதனைகளில் எதுவும் "உடலில் காசநோய் உண்டா" என்று கேட்பதில்லை. ஒன்று கிருமியின் மேலுறையைத் தேடுகிறது. ஒன்று அதன் மரபணுவை. ஒன்று அது ஏற்படுத்திய நிழலை. இன்னொன்று, அதை உடல் எப்போதாவது சந்தித்த நினைவை. அதுவும் நாம் கொடுத்த மாதிரியில் மட்டுமே தேடுகிறது. நுரையீரலில் கிருமி இல்லாதவரின் சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தால், அந்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொல்லியிருக்கிறது.

நுரையீரலிலேயே நோய் இருந்தாலும் எண்ணிக்கை முக்கியம். சீல்–நீல்சன் சாயமுறையில், சூடாக்கிய சிவப்புச் சாயம் கிருமியின் மெழுகுறைக்குள் ஏறிவிடும். பிறகு அமிலம் ஊற்றினாலும் அது வெளியேறாது. நீலப் பின்புலத்தில் மெல்லிய சிவப்புக் கோல்களாகக் கிருமி தெரியும். எளிய முறைதான். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். நுரையீரலில் குழி விழுந்தவரின் சளியில் அவை திரளாக இருக்கும். ஏனெனில் கிரானுலோமாவின் நடுப்பகுதி வெண்ணெய்க்கட்டி போல மாறி, பின்னர் இளகி, மூச்சுக்குழாய்க்குள் உடைந்து கொட்டுகிறது. குழி இல்லாதவர், குழந்தை, எச்.ஐ.வி. முற்றியவர் ஆகியோரின் சளியில் கிருமி குறைவு, சாயமுறையில் அவர்கள் தப்பிவிடுவார்கள். காசக்கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோயை உண்டாக்காத சில கிருமிகளும் அதே சிவப்பில்தான் தெரியும் என்பது மற்றொரு குறை.

வளர்ப்புமுறைக்கு ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 100 உயிருள்ள கிருமிகள் போதும். ஆனால் நண்பர் சொன்ன மந்தநடை இங்கே நம்மைக் காக்க வைக்கிறது: திட ஊடகத்தில் 3 முதல் 8 வாரங்கள், திரவ ஊடகத்தில் பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்கள், 42 நாள் வரை வளரவில்லை என்றால்தான் இல்லை என்று எழுதுவோம். ஜீன் எக்ஸ்பெர்ட் என்னும் மரபணுப் பரிசோதனையை உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்தது. அது இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியின் மரபணுவைக் கண்டறிவதோடு, காசநோய்க்கான முதன்மை மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு உண்டா என்பதையும் கூறிவிடும். அதன் பிற்கால வடிவமான அல்ட்ரா, வளர்ப்புமுறைக்கு நெருக்கமான அளவு குறைந்த கிருமிகளையும் கண்டறிகிறது.

இத்தனையும் மாதிரி நன்றாக இருந்தால்தான். சளி என்று சொல்லி எங்கள் மேசைக்கு வரும் டப்பாக்களில் பல, வெறும் எச்சில். அதற்கும் நாங்கள் "இல்லை" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. படிப்பவர் அதை நோய் இல்லை என்று படித்துக்கொள்கிறார்.

பதிவு 6 | பழையநோயாளி

இவ்வளவு சுற்ற வேண்டாம். எனக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் நெறிகட்டிக் காசநோய் என்று தெரிந்தது. அப்போது இரத்தத்தில் இக்ரா என்ற பரிசோதனை செய்து, உண்டு என்று வந்தது. அதையே பெரியம்மாவுக்கும் செய்துவிட்டால் ஒரே ஊசியில் முடிவு தெரிந்துவிடுமே?

பதிவு 7 | ஆய்வகமேசை

ஐயா, தங்கள் நோயை உறுதி செய்தது அந்த இரத்தப் பரிசோதனையாக இருந்திருக்காது. கழுத்துக் கணுவில் ஊசி குத்தி எடுத்த மாதிரியாகவே இருந்திருக்கும். பழைய தாள்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இக்ராவும் தோலில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் மாண்டூவும், உடலின் நினைவை மட்டுமே சோதிக்கின்றன. பி.சி.ஜி. தடுப்பூசியில் இல்லாத புரதங்களைப் பயன்படுத்துவதால், தடுப்பூசி போட்டவரிடம் இக்ரா ஏமாறுவதில்லை. அந்த அளவில் அது மாண்டூவைவிட மேல். ஆனால் அடங்கிய தொற்றுக்கும் எரிகின்ற நோய்க்கும் வேறுபாடு காட்ட இரண்டாலும் இயலாது. தொற்று பரவலாக உள்ள இடத்தில், தேய்மானத்தால் முதுகு வலிக்கும் ஒருவருக்கும் அது உண்டு என்று வரும்.

பதிவு 8 | மூச்சுக்குழல்

அதன் மறுபக்கம் இன்னும் கொடியது. இரத்தத்தில் கிருமி வெள்ளமாகக் கலந்து, நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை என எங்கும் தினையளவு முடிச்சுகளாகப் பரவும் மிலியரி காசநோயில், எதிர்ப்பாற்றல் சோர்ந்துவிடுவதால் மாண்டூ பலருக்கு இல்லை என்றே வரும். தினையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அந்நோய்க்குப் பெயர் வந்தது. எக்ஸ்ரேயில் 1 முதல் 2 மில்லிமீட்டர் புள்ளிகள் தினையை வாரி இறைத்தது போலத் தெரியும். அதுவும் தொடக்க வாரங்களில் தெரியாமல் போகலாம். காய்ச்சலும் மெலிவும் மட்டுமே உள்ள அத்தகைய நோயாளிகளை, மாண்டூ இல்லை என்று வந்ததை நம்பி வீட்டுக்கு அனுப்பிய நிகழ்வுகளை நான் அறிவேன்.

பதிவு 9 | பழையநோயாளி

தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஆய்வக நண்பர் கூறியதே சரி: ஊசி மாதிரியில் கிரானுலோமாவும் கிருமியும் காணப்பட்டன என்று இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகப் பலரிடம் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

பதிவு 10 | ஐயவினா

அப்படியானால் மற்ற உறுப்புகளில் என்னதான் செய்கிறார்கள்? மூளைக்குள் ஊசி குத்தி மாதிரி எடுக்க முடியாதே.

பதிவு 11 | மூச்சுக்குழல்

மூளையுறைக் காசநோயில் கீழ்முதுகிலிருந்து தண்டுவட நீரை எடுக்கிறோம். புரதம் மிகுந்தும் குளுக்கோஸ் குறைந்தும் நிணவணுக்கள் பெருகியும் இருந்தால் ஐயம் வலுப்படும். கிருமி அந்நீரில் மிகக் குறைவு. மரபணுப் பரிசோதனை இல்லை என்று சொன்னாலும், நோயாளியின் நிலை நோயைச் சுட்டினால் சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம். தாமதத்தின் விலை உயிராகவோ வாழ்நாள் ஊனமாகவோ இருக்கும்போது, உறுதிக்காகக் காத்திருப்பது முறையன்று.

நுரையீரல் உறையில் நீர் கோக்கும்போது வேறொரு விந்தை. அந்த நீரின் பெரும்பகுதி, கிருமிப் புரதங்களுக்கு உடல் காட்டும் மிகையெதிர்ப்பால் சுரப்பது. ஆகையால் ஒரு லிட்டர் நீரை எடுத்தாலும் அதில் கிருமி கிடைப்பது அரிது. ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும் உறைத்திசுவின் மாதிரியுமே அங்கு உதவுகின்றன. சிறுநீரகக் காசநோயில், சிறுநீரில் சீழணுக்கள் இருந்தும் வழக்கமான வளர்ப்பில் ஒரு கிருமியும் வளராதது முதல் துப்பு. சளியைத் துப்பத் தெரியாத சிறு குழந்தை அதை விழுங்கிவிடுவதால், காலையில் இரைப்பை நீரையோ, இப்போது மலத்தையோ எடுத்து மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள்.

பதிவு 12 | தேடும்விழி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஸ்கேன் வழிகாட்டுதலில் பெரியம்மாவின் முள்ளெலும்பில் ஊசி செலுத்தித் திசு எடுத்தார்கள். டப்பாவை என் கையில் கொடுத்து ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அதில் ஃபார்மலின் என்று எழுதியிருந்தது. இது சரிதானா?

பதிவு 13 | ஆய்வகமேசை

முழுத் திசுவையும் அதிலேயே போட்டுவிட்டார்களா என்று இப்போதே கேளுங்கள். திசுவின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க ஃபார்மலின் தேவைதான். ஆனால் அது கிருமியைக் கொன்றுவிடும், மரபணுவையும் சிதைக்கும். ஆகையால் எடுத்ததில் ஒரு பகுதியை, ஃபார்மலின் படாமல், கிருமிநீக்கிய சலைனில் இட்டு வளர்ப்புக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் தனியாக அனுப்ப வேண்டும். இந்த ஒரு தவறால் எத்தனையோ பேருக்குக் கிரானுலோமா இருக்கிறது என்பது மட்டும் தெரிந்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

இன்னொன்று: இடையில் லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து ஏதேனும் கொடுத்தார்களா? அக்குடும்ப மருந்துகள் காசக்கிருமியையும் ஓரளவு அடக்குவதால், வளர்ப்பில் அது வளராமல் போகலாம்.

பதிவு 14 | தேடும்விழி

தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே சென்று கேட்டேன். முழுத் திசுவும் ஃபார்மலினில்தான் இருந்தது. மருத்துவர் வருத்தம் தெரிவித்து, பக்கத்தில் தேங்கியுள்ள சீழை ஊசியால் எடுத்துச் சலைன் குப்பியில் தனியாக அனுப்ப ஏற்பாடு செய்தார். மருந்து எதுவும் இடையில் கொடுக்கப்படவில்லை.

பதிவு 15 | பழையநோயாளி

என் பங்குக்கு ஒரு கேள்வி. ஆறு மாத மருந்து முடிந்து சில மாதங்களுக்குப் பின், என்னோடு சிகிச்சை பெற்ற ஒருவருக்குச் சளியில் மரபணுப் பரிசோதனை செய்து உண்டு என்று வந்தது. அவர் மிகவும் அஞ்சிப்போனார். நோய் திரும்பிவிட்டதா?

பதிவு 16 | ஆய்வகமேசை

இறந்த கிருமியின் மரபணுவும் மரபணுதான். சிகிச்சை முடிந்த பின்னும் நீண்டகாலம் அந்த எச்சம் சளியில் தென்படக்கூடும். அதனால் சிகிச்சை பலிக்கிறதா என்பதைச் சாயமுறையாலும் வளர்ப்பாலும் பார்க்கிறோம், மரபணுப் பரிசோதனையால் அன்று. அவருக்கு அறிகுறி இருந்தால் வளர்ப்பு முடிவு வரும் வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

பதிவு 17 | தேடும்விழி

முடிவுகள் வந்துவிட்டன. எலும்புத் திசுவில் கிரானுலோமாவும் நடுவில் வெண்ணெய்க்கட்டி போன்ற சிதைவும் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். சீழில் செய்த மரபணுப் பரிசோதனையில் காசக்கிருமி கண்டறியப்பட்டது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. சாயமுறையில் அதே சீழில் கிருமி இல்லை என்றே வந்திருக்கிறது. இப்போது அது எங்களைக் குழப்பவில்லை. இன்று முதல் மருந்து தொடங்கியது. எலும்பு என்பதால் ஆறு மாதத்துக்கு மேலும் நீளலாம் என்றார் மருத்துவர். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் பெரியம்மாவைத் தனி அறையில் வைக்க வேண்டுமா என்பதே இப்போது மீதியிருக்கும் கேள்வி.

பதிவு 18 | மூச்சுக்குழல்

வேண்டாம். எலும்பில் அடைபட்ட கிருமிக்குக் காற்றில் கலக்க வழியில்லை. நுரையீரலிலோ குரல்வளையிலோ நோய் இருந்தால்தான் மூச்சுவழி பரவும். அவருக்குச் சளியிலும் எக்ஸ்ரேயிலும் இல்லை என்று வந்த முடிவுகள் இந்தக் கேள்விக்குத்தான் பயன்படுகின்றன. குழந்தை அவர் மடியிலேயே இருக்கட்டும். முதுகு எலும்பு உறுதிப்படும் வரை அவர் குழந்தையைக் குனிந்து தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 19 | ஆய்வகமேசை

சீழின் வளர்ப்பு முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகும். மருந்து தொடங்கிவிட்டதே என்று அதை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். ஐசோனியசிட் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்பதை அந்த வழக்கமான மரபணுப் பரிசோதனை சொல்லாது, அந்தத் தாள்தான் சொல்லும்.